ஓர் இலகு விமானம் பறக்க எத்தனை கிலோவாட் வேண்டும்? இழுவையிலிருந்து குறைந்தபட்சத் திறன் வரை முழுக் கணக்கு

உயரம் மாறாமல், சீரான வேகத்தில் பறக்கும் விமானத்துக்குத் தேவையான திறன், இழுவையை, அதாவது விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசையை, வேகத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும். சூத்திரம் அவ்வளவுதான். ஆனாலும் முதன்முறை கணக்குப் போடுபவர்களின் விடை பாதியாகவோ இரண்டு மடங்காகவோ வந்து நிற்பது வழக்கம். எடையைக் கிலோவில் போடுவார்கள், வேகத்தை நாட் (knot) அலகில் போடுவார்கள், வேகப் பறப்புக்குரிய ப்ரொப்பல்லர் பயனுறுதிறனை மெதுவான பறப்புக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே சொல்லும் முறை விமானத்தை இரண்டே எண்களாகச் சுருக்குகிறது. அந்த இரண்டும் சரியாக அமைந்தால் சிறந்த சறுக்கு விகிதம் (எஞ்சின் இல்லாமல் இறங்கும் உயரத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் போகலாம் என்பது), அதற்குரிய வேகம், குறைந்தபட்சத் திறன், ஏறு வேகம் எல்லாமே சாதாரணக் கால்குலேட்டரில் வந்துவிடும். உதாரணத்துக்கு ஒரு கற்பனை விமானத்தை முழுக்கப் பயன்படுத்துவோம்: இரண்டு இருக்கை, மடக்க முடியாத சக்கரங்கள், மொத்த நிறை 600 கிலோ, இறக்கை வீச்சு (நுனியிலிருந்து நுனி வரை) 10 மீட்டர், இறக்கைப் பரப்பு 12.5 சதுர மீட்டர்.

## 1. தொடங்குமுன் அலகுகளை ஒழுங்குபடுத்துங்கள்

எல்லாவற்றையும் மீட்டர், வினாடி, நியூட்டன், வாட் என்று மாற்றிவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும். நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் பிழை அங்கேதான் புகும்.

- எடை = 600 × 9.81 = 5,886 நியூட்டன். நிறைக்கும் எடைக்கும் உள்ள இந்த 9.81 மடங்கு விட்டுப்போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.
- ஒரு நாட் = வினாடிக்கு 0.5144 மீட்டர். மணிக்குக் கிலோமீட்டரை 3.6 ஆல் வகுக்கவும்.
- கடல் மட்டத்தில் திட்ட வளிமண்டலக் காற்றடர்த்தி = கன மீட்டருக்கு 1.225 கிலோ.
- பிரிட்டிஷ் குதிரைத்திறன் 745.7 வாட், மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட். எஞ்சின் விவரத்தாளில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

எந்த எடைக்குக் கணக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். காலி எடைக்குப் போட்ட திறன் யாருக்கும் பயன்படாது. எரிபொருள், விமானி, பயணி எல்லாம் சேர்ந்த அதிகபட்சப் புறப்பாட்டு எடையே அடிப்படை.

## 2. தூக்கு சாரா இழுவை: சமபரப்பைக் கண்டுபிடியுங்கள்

விமானத்தின் இழுவை இரண்டு பகுதி. ஒன்று, உடலும் இறக்கையும் சக்கரமும் காற்றில் உரசுவதாலும் காற்றைக் கலைப்பதாலும் வருவது. இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும்.

இதை ஒரே பரப்பாகச் சொல்வது வசதி. இழுவைக் கெழுவை (இழுவையை இறக்கைப் பரப்போடு ஒப்பிடும் அலகில்லா எண்) இறக்கைப் பரப்பால் பெருக்கினால் வருவதே சமபரப்பு. வெவ்வேறு இறக்கை கொண்ட விமானங்களை ஒப்பிடும்போது கெழு ஏமாற்றும். பெரிய இறக்கை மாட்டினாலே கெழு குறைந்து தெரியும், உண்மையான இழுவை குறைந்திருக்காது. சமபரப்பு அப்படி ஏமாற்றாது.

வரைபடம் மட்டுமே கையில் இருக்கும் நிலையில், காற்று தொடும் மொத்த வெளிப்பரப்பை அளந்து 0.0055 ஆல் பெருக்குவது நல்ல தொடக்கம். ஒற்றை எஞ்சின் இலகு விமானங்களுக்கு இந்த எண் பரவலாகப் பயன்படுகிறது. நம் உதாரணத்தில் வெளிப்பரப்பு 55 சதுர மீட்டர்: 55 × 0.0055 = 0.30 சதுர மீட்டர். மூடி இல்லாத சக்கரங்கள், தாங்குகம்பிகள், எஞ்சின் குளிர்விப்புக் காற்று ஆகியவற்றுக்கு இன்னொரு 0.10 சேர்த்து, மொத்தம் 0.40 சதுர மீட்டர். இறக்கைப் பரப்பால் வகுத்தால் கெழு 0.032. மடங்கும் சக்கரமும் வழவழப்பான உடலும் கொண்ட விமானத்துக்கு 0.020 முதல் 0.025 வரை வரும், நிலையான சக்கரம் உள்ளவற்றுக்கு 0.028 முதல் 0.040 வரை. உங்கள் எண் 0.015 என்று வந்தால் எதையோ கூட்ட மறந்திருக்கிறீர்கள்.

வெளிப்பரப்பை அளக்கும்போது இறக்கையின் மேல், கீழ் இரண்டு பக்கமும் சேர வேண்டும். வால் இறக்கைகளுக்கும் அப்படியே. உடலுக்குள் மறைந்திருக்கும் இறக்கைப் பகுதியைச் சேர்க்கக் கூடாது.

## 3. தூக்கு சார் இழுவை: வீச்சும் ஆஸ்வால்டு எண்ணும்

இரண்டாம் பகுதி, தூக்குவதற்கு இறக்கை கொடுக்கும் விலை. பைலட்டுகள் இன்டியூஸ்டு டிராக் என்று சொல்வது இதைத்தான். மெதுவாகப் பறக்கும்போது இதுவே ஆட்சி செய்யும். வேகம் இரட்டித்தால் இது கால் பங்காகிவிடும்.

இதற்கு வேண்டியவை எடை, இறக்கை வீச்சு, ஆஸ்வால்டு எண் ஆகிய மூன்று. நீள்வட்டப் பரவலில் தூக்கும் இலட்சிய இறக்கையிலிருந்து நம் விமானம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்வது ஆஸ்வால்டு எண். தாக்குகோணம் (எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்) கூடும்போது உடலிலும் வாலிலும் கூடும் இழுவையும் இதற்குள் அடங்கும். இலகு விமானங்களுக்கு 0.70 முதல் 0.85 வரை எடுக்கலாம். இறக்கையும் உடலும் சேரும் இடம் கரடுமுரடாக இருந்தால் 0.70 பக்கம் போங்கள். உதாரணத்துக்கு 0.78.

இறக்கைக்கு மட்டும் கணக்கிடும் மென்பொருள்கள் 0.95 அல்லது 0.98 என்று காட்டும். அதை அப்படியே இங்கே போடாதீர்கள். அது இறக்கை மட்டும் தனியாகப் பறந்தால் வரும் எண்.

## 4. இரண்டு மாறிலிகள்

இனி மேலே சேர்த்ததையெல்லாம் இரண்டு எண்களில் அடைக்கிறோம்.

அ = 0.5 × காற்றடர்த்தி × சமபரப்பு

அ = 0.5 × 1.225 × 0.40 = 0.245

ஆ = 2 × எடை² ÷ (3.1416 × காற்றடர்த்தி × ஆஸ்வால்டு எண் × வீச்சு²)

ஆ = 2 × 5,886² ÷ (3.1416 × 1.225 × 0.78 × 100) = 2,30,800 (முழுதாக்கியது)

எந்த வேகத்திலும்,

இழுவை = அ × வேகம்² + ஆ ÷ வேகம்²

தேவைத் திறன் = அ × வேகம்³ + ஆ ÷ வேகம்

இறக்கைப் பரப்பு இங்கே எங்குமே தனியாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சமபரப்புக்குள் மறைமுகமாக இருக்கிறது, பிறகு ஸ்டால் வேகத்தில் (இதற்குக் கீழே இறக்கையால் எடையைத் தாங்க முடியாது) நேரடியாக வரும். ஆஸ்பெக்ட் ரேஷியோவை (வீச்சு² ÷ இறக்கைப் பரப்பு) வைத்தே எல்லாவற்றையும் யோசித்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஆனால் தூக்கு சார் இழுவையை நியூட்டனில் எழுதினால் எடைக்கும் வீச்சுக்கும் உள்ள விகிதமே மிஞ்சும். பரப்பு அடிபட்டுப் போகும்.

இந்த இரண்டு வரிகளையும் வைத்து ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள். வரைபடமாகப் பார்க்கும்போதுதான் எண்களின் போக்கு புரியும்.

| வேகம் (மீ/வி) | தூக்கு சாராதது (கி.வாட்) | தூக்கு சார்ந்தது (கி.வாட்) | மொத்தம் (கி.வாட்) |
|---|---|---|---|
| 23.7 | 3.25 | 9.75 | 13.0 |
| 27.2 | 4.93 | 8.49 | 13.4 |
| 31.2 | 7.41 | 7.41 | 14.8 |
| 40 | 15.7 | 5.8 | 21.5 |
| 50 | 30.6 | 4.6 | 35.2 |

## 5. சிறந்த தூக்கு–இழுவை விகிதம்

இழுவை மிகக் குறைவாக இருக்கும் வேகத்தில் இரண்டு பகுதிகளும் சமமாக இருக்கும். ஆகவே:

வேகம் = (ஆ ÷ அ) இன் நான்காம் மூலம். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் போதும்.

2,30,800 ÷ 0.245 = 9,42,000; நான்காம் மூலம் வினாடிக்கு 31.2 மீட்டர், அதாவது மணிக்கு 112 கிலோமீட்டர்.

குறைந்தபட்ச இழுவை = 2 × √(அ × ஆ) = 476 நியூட்டன்.

விகிதம் = 5,886 ÷ 476 = 12.4.

எஞ்சின் நின்று, ப்ரொப்பல்லர் இழுவையும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அசையாக் காற்றில் 12.4 கிலோமீட்டர் சறுக்கலாம் என்பதே இதன் பொருள். எடை மாறினால் இந்த விகிதம் மாறாது. அதற்குரிய வேகம்தான் எடையின் வர்க்கமூலத்தோடு மாறும். புதியவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். ஆளைக் குறைத்துக்கொண்டு போனால் அதிக தூரம் சறுக்கலாம் என்றே எல்லோருக்கும் தோன்றும்.

## 6. குறைந்தபட்சத் திறன்

குறைந்தபட்ச இழுவை வேகமும் குறைந்தபட்சத் திறன் வேகமும் ஒன்றல்ல. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டுமானால் அது இதுதான். திறன் என்பது இழுவை × வேகம் என்பதால், இழுவை சற்றே கூடினாலும் வேகம் அதைவிட அதிகமாகக் குறைகிற வரை திறன் குறைந்துகொண்டே போகும். தூக்கு சார்ந்த பகுதி மற்றதைப் போல மூன்று மடங்காகும் இடத்தில் அது அடிமட்டத்தைத் தொடும்.

வேகம் = (ஆ ÷ (3 × அ)) இன் நான்காம் மூலம் = வினாடிக்கு 23.7 மீட்டர், மணிக்கு 85 கிலோமீட்டர்.

அங்கே திறன் = 0.245 × 23.7³ + 2,30,800 ÷ 23.7 = 13.0 கிலோவாட்.

சரிபார்க்க மூன்று எண்கள் உண்டு. விமானம் எதுவானாலும் இவை மாறக் கூடாது: குறைந்தபட்சத் திறன் வேகம், சிறந்த சறுக்கு வேகத்தில் 0.76 பங்கு. அங்கே தூக்கு–இழுவை விகிதம் உச்சத்தில் 0.866 பங்கு. சிறந்த சறுக்கு வேகத்துக்கான திறன், குறைந்தபட்சத் திறனைப் போல 1.14 மடங்கு. நம் உதாரணத்தில் 14.8 ÷ 13.0 = 1.14. இவை பொருந்தாவிட்டால் பிழை கூட்டல் பெருக்கலில்தான், விமானத்தில் இல்லை.

## 7. ஸ்டால் வேகத்தோடு ஒப்பிடாமல் மேலே போகாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போவதால் வரும் விடைகள்தான் காகிதத்தில் மிக அழகாக இருக்கும், பறக்காது.

ஸ்டால் வேகம் = √(2 × எடை ÷ (காற்றடர்த்தி × இறக்கைப் பரப்பு × உச்சத் தூக்குக் கெழு)). ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடிப்பு) இறக்காத நிலையில் உச்சக் கெழு 1.5 என்று கொண்டால், வினாடிக்கு 22.6 மீட்டர். நம் குறைந்தபட்சத் திறன் வேகம் 23.7. இடைவெளி ஐந்து விழுக்காடுகூட இல்லை. சிறு காற்றுச் சலனமோ லேசான திருப்பமோ போதும், இறக்கை ஸ்டாலாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அ, ஆ என்ற இரண்டே உறுப்புகளில் இழுவையை எழுதுவது நடுத்தரத் தாக்குகோணம் வரைதான் சரி. ஸ்டாலை நெருங்கும்போது காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பிலிருந்து பிரியத் தொடங்கும். இழுவை இந்தச் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதலாக ஏறும். எனவே 13.0 கிலோவாட் என்பது எட்ட முடியாத தரை மட்டம்.

நடைமுறையில் ஸ்டால் வேகத்தின் 1.2 மடங்கை, அதாவது வினாடிக்கு 27.2 மீட்டரை, மெதுவான பறப்பின் எல்லையாக வைத்து அங்குள்ள திறனை எடுங்கள். அட்டவணையைப் பாருங்கள்: 13.4 கிலோவாட். திறன் வளைவு அடிமட்டத்தில் தட்டையாக இருப்பதால் பாதுகாப்புக்காக 15 விழுக்காடு வேகம் கூட்டியும் செலவு 3 விழுக்காடுதான் கூடுகிறது. அந்த ஐந்து விழுக்காட்டு இடைவெளியில் பறக்க எந்தக் காரணமும் இல்லை.

## 8. ப்ரொப்பல்லரைத் தாண்டி எஞ்சின் தண்டுக்கு

இதுவரை வந்தது காற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய திறன். எஞ்சின் தண்டில் இதைவிட அதிகம் வேண்டும். ப்ரொப்பல்லரின் பயனுறுதிறனால், அதாவது தண்டின் திறனில் காற்றுக்குப் போய்ச் சேரும் பங்கால், வகுக்க வேண்டும்.

பிட்ச் (அலகின் கோணம்) மாறாத ப்ரொப்பல்லர் வேகப் பறப்பில் 0.75 முதல் 0.82 வரை தரலாம். அதே ப்ரொப்பல்லர் ஏறும் வேகத்தில் 0.55 முதல் 0.68 வரைதான் தரும். தயாரிப்பாளர் விளம்பரத்தில் இருக்கும் 0.80 ஐ இங்கே போடுவது பரவலான தவறு. 0.65 எடுத்தால்: 13.4 ÷ 0.65 = 20.6 கிலோவாட்.

உங்கள் யூகம் எல்லை மீறவில்லை என்று பார்க்க ஒரு வழி உண்டு. ப்ரொப்பல்லர் வட்டத்தின் பரப்பை எடுங்கள், 1.7 மீட்டர் விட்டத்துக்கு 2.27 சதுர மீட்டர். உந்துவிசையை (0.5 × காற்றடர்த்தி × வேகம்² × வட்டப்பரப்பு) ஆல் வகுத்து, விடையோடு 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்து, மறுபடி 1 கூட்டி, 2 ஐ அதனால் வகுங்கள். சீரான பறப்பில் உந்துவிசை இழுவைக்குச் சமம்: 13.4 கிலோவாட்டை 27.2 ஆல் வகுத்தால் 493 நியூட்டன், இதற்கு 0.90 வருகிறது. இது உராய்வே இல்லாத இலட்சிய ப்ரொப்பல்லரின் உச்சவரம்பு. உண்மையானது இதற்குக் கீழேதான் இருக்கும். விட்டத்தைக் குறைத்துப் பார்த்தால் இந்த வரம்பு சரிவது தெரியும். மெதுவான விமானத்துக்குச் சின்ன விசிறியை வேகமாகச் சுழற்றும் ஏற்பாடு ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

## 9. உயரமும் எடையும்

காற்றடர்த்தி குறைந்தால் அதே எடைக்குக் குறைந்தபட்சத் திறன் கூடும். அடர்த்தி விகிதத்தின் (அந்த உயரத்துக் காற்றடர்த்தி ÷ கடல் மட்டக் காற்றடர்த்தி) வர்க்கமூலத்தால் வகுக்கவும். 2,500 மீட்டர் உயரத்தில் விகிதம் 0.781, வர்க்கமூலம் 0.884. ஆகவே 13.0 கிலோவாட் 14.7 ஆகிறது. உண்மை வேகமும் அதே விகிதத்தில் கூடும். வேகமானி காட்டுவது மட்டும் மாறாது.

எடையின் விளைவு இன்னும் கடுமை. குறைந்தபட்சத் திறன் எடையின் 1.5 அடுக்கோடு மாறும். எடை பத்து விழுக்காடு குறைந்தால் திறன் ஏறக்குறைய 15 விழுக்காடு குறையும்.

## 10. ஏறுவதற்கு என்ன மிச்சம்?

உயரம் மாறாமல் பறக்க மட்டும் போதுமான எஞ்சினை வைத்து யாரும் புறப்பட முடியாது. மிச்சத் திறனை எடையால் வகுத்தால் ஏறு வேகம் வரும்.

60 கிலோவாட் எஞ்சின், பயனுறுதிறன் 0.65: கிடைப்பது 39 கிலோவாட். சிறந்த சறுக்கு வேகத்தில் தேவை 14.8. மிச்சம் 24.2 கிலோவாட்டை 5,886 நியூட்டனால் வகுத்தால் வினாடிக்கு 4.1 மீட்டர்.

அதே விமானம் 2,500 மீட்டரில்: டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் முக்கால் பங்கைத்தான் தரும். கிடைப்பது 29 கிலோவாட், தேவை 16.8. ஏறு வேகம் 2.1 மீட்டர், சரிபாதி. இரண்டு பக்கமிருந்தும் நெருக்குவதால் ஏறு வேகம் எஞ்சின் திறனைவிட வேகமாகச் சரிகிறது.

திருப்பிப் போட்டும் பார்க்கலாம். கடல் மட்டத்தில் வினாடிக்கு 1.5 மீட்டர் ஏற வேண்டும் என்பதே உங்கள் குறைந்தபட்சத் தேவையானால், 13.4 + 8.8 = 22.2 கிலோவாட்; தண்டில் 34 கிலோவாட். குறைந்தபட்ச எஞ்சின் என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது இந்த எண்ணை, 20 ஐ அல்ல. ஓடுபாதையை ஒட்டி இறக்கை வீச்சைவிடக் குறைந்த உயரத்தில் பறக்கும்போது தூக்கு சார் இழுவை குறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். திறன் போதாத விமானம் தரையைவிட்டு எழும்பிவிட்டு, அதற்கு மேல் ஏற மறுப்பது இதனால்தான்.

## 11. பறந்து அளந்து சரிபார்த்தல்

வரைபடத்திலிருந்து போட்ட அ, ஆ இரண்டும் யூகமே. விமானம் பறக்கும் நிலையில் இருந்தால் சறுக்குச் சோதனையில் அவற்றை நேரடியாக எடுக்கலாம். சறுக்கும்போது இழக்கும் உயரமே இழுவைக்குத் திறன் கொடுக்கிறது: எடை × இறங்கு வேகம் = தேவைத் திறன்.

அனுபவமுள்ள விமானி, விமானதளத்துக்கு மேலே போதுமான உயரம், காற்று அசையாத அதிகாலை. இவை மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். வெயில் ஏறிய பிறகு வினாடிக்கு அரை மீட்டர் மேலெழும் காற்று போதும், அளவு முழுக்க வீணாகிவிடும்.

ஐந்தாறு வேகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் வேகத்தை நிலையாகப் பிடித்து, உயரமானியில் 300 மீட்டர் இறங்க ஆகும் நேரத்தை எடுங்கள். எதிர்த்திசையிலும் ஒருமுறை எடுங்கள். வேகம் நிலைபெறும் முன்பே ஸ்டாப்வாட்சை அழுத்துவதே இங்கே நடக்கும் பெரிய தவறு. முதல் 100 மீட்டரை வீணாக விடுங்கள்.

திருத்தங்களை இந்த வரிசையில் செய்யவும்:

1. வேகமானி காட்டியதை, கையேட்டில் உள்ள திருத்த அட்டவணைப்படி மாற்றுங்கள்.
2. உயரமானி அளப்பது அழுத்தத்தை. வெளி வெப்பநிலையை அந்த உயரத்தின் திட்ட வெப்பநிலையால் வகுத்து, இரண்டையும் கெல்வினில் எடுத்து, இறங்கு வேகத்தைப் பெருக்குங்கள்.
3. பிறகு அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். இப்போது கடல் மட்டத்துக்குச் சமமான இறங்கு வேகம் கிடைக்கும்.
4. அன்றைய எடை வேறாக இருந்தால், முன்வேகம், இறங்கு வேகம் இரண்டையும் (அடிப்படை எடை ÷ அன்றைய எடை) இன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்.

ஒரு அளவை முழுதாகப் பார்ப்போம். திருத்திய வேகம் வினாடிக்கு 34 மீட்டர்; உயரமானியில் 1,500 இலிருந்து 1,200 மீட்டர் வர 103 வினாடி; நடு உயரத்தில் வெளி வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ். கச்சா இறங்கு வேகம் 2.91. அந்த உயரத்தின் திட்ட வெப்பநிலை 6 டிகிரி; 294 ÷ 279 = 1.054. பெருக்கினால் 3.07. அன்றைய அடர்த்தி விகிதம் 0.832, வர்க்கமூலம் 0.912. இறுதி விடை 2.80. நம் சூத்திரம் அதே வேகத்துக்கு 2.79 என்கிறது.

எல்லா அளவுகளையும் ஒரு நேர்கோட்டில் வைக்கலாம். கிடையச்சில் வேகத்தின் நான்காம் அடுக்கு, நிலையச்சில் எடை × இறங்கு வேகம் × முன்வேகம். கோட்டின் சாய்வு அ. நிலையச்சைத் தொடும் இடம் ஆ. உதாரணமாக வினாடிக்கு 28 மீட்டர் முன்வேகத்தில் இறங்கு வேகம் 2.31, 46 மீட்டரில் 4.90 என்ற இரு புள்ளிகள் மட்டும் எடுத்தால் சாய்வு 0.2449, வெட்டு 2,30,200. அதிலிருந்து சமபரப்பு 0.40, ஆஸ்வால்டு எண் 0.78. இரு புள்ளி கணக்கைக் காட்ட மட்டுமே. உண்மைச் சோதனையில் ஐந்துக்குக் குறைந்தால் எந்தப் புள்ளி கெட்டது என்றே தெரியாது.

ப்ரொப்பல்லர்தான் இதில் தீராத தலைவலி. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் குறைந்த வேகத்தில் மிச்ச உந்துவிசை தரும். அதிக வேகத்தில் காற்றே அதைச் சுழற்றி இழுவை கூட்டும். கோடு ஒரு முனையில் தாழ்ந்து மறு முனையில் உயரும். விளைவாக சமபரப்பும் ஆஸ்வால்டு எண்ணும் இரண்டுமே உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஒவ்வொரு வேகத்துக்கும் உந்துவிசை பூச்சியமாகும் சுழற்சியை ப்ரொப்பல்லர் விவரத்தாளிலிருந்து எடுத்து அமைப்பதே சரியான வழி.

## 12. சோதனைக்கு வழியில்லையா? கையேடு போதும்

விமானக் கையேட்டில் இருக்கும் சறுக்கு விகிதமும் அதற்கான வேகமும் சேர்ந்தே அ, ஆ இரண்டையும் தந்துவிடும். காரணம், அந்த வேகத்தில் இழுவை சரிபாதியாகப் பிரிகிறது என்று ஏற்கெனவே தெரியும்.

செஸ்னா 172 ஐ எடுத்துக்கொள்வோம். 1,043 கிலோ நிறையில் சறுக்கு வேகம் 65 நாட், 1,000 அடி உயரத்துக்குச் சுமார் 1.5 கடல் மைல், அதாவது விகிதம் 9.1. எடை 10,230 நியூட்டன், இழுவை 1,124, பாதி 562. வேகம் வினாடிக்கு 33.4 மீட்டர்.

அ = 562 ÷ வேகம்² = 0.503, சமபரப்பு 0.82 சதுர மீட்டர். ஆ = 562 × வேகம்² = 6,28,000; வீச்சு 11 மீட்டர் என்று போட்டால் ஆஸ்வால்டு எண் 0.72.

ஆஸ்வால்டு எண் எதிர்பார்த்த எல்லைக்குள் இருக்கிறது. சமபரப்பை 16.2 சதுர மீட்டர் இறக்கையால் வகுத்தால் 0.051 வருகிறது, நிலையான சக்கர விமானத்துக்கு இது அதிகம். கையேட்டின் சறுக்கு, எஞ்சின் நின்று காற்றில் சுழலும் ப்ரொப்பல்லரோடு சேர்த்துச் சொன்னது என்பதால் அதன் இழுவையும் இதற்குள் நுழைந்துவிட்டது. ஆகவே இந்த வழியில் வரும் திறன் உண்மையைவிடக் கூடுதல். எஞ்சின் தேர்வுக்கு அது பாதுகாப்பான பக்கம்தான்.

## 13. எதை மாற்றினால் எவ்வளவு லாபம்?

குறைந்தபட்சத் திறன், (எடை ÷ வீச்சு) இன் 1.5 அடுக்கோடும், சமபரப்பின் கால் அடுக்கோடும் மாறுகிறது. இதில் எதில் கை வைப்பது என்று உடனே தெரிந்துவிடும்.

சக்கரங்களுக்கு மூடி போட்டு, இடுக்குகளை அடைத்து, சமபரப்பை 0.40 இலிருந்து 0.30 ஆக்கினால் சிறந்த விகிதம் 12.4 இலிருந்து 14.3 ஆகும். வினாடிக்கு 50 மீட்டரில் தேவைத் திறன் 22 விழுக்காடு குறையும். ஆனால் குறைந்தபட்சத் திறன் வெறும் 7 விழுக்காடுதான் குறையும். வேகப் பறப்புக்கு இது அருமையான வேலை. சின்ன எஞ்சினில் மெதுவாகப் பறக்க விரும்புபவருக்கு உழைப்புக்கேற்ற பலன் இல்லை.

வீச்சை 11 மீட்டராக்கி, அதனால் நிறை 630 கிலோவாகக் கூடினாலும் குறைந்தபட்சத் திறன் 13.0 இலிருந்து 12.1 ஆகும். வீச்சு கூடும் விழுக்காட்டைவிட மொத்த எடை கூடும் விழுக்காடு குறைவாக இருக்கும் வரை லாபம். இறக்கைப் பரப்பை மட்டும் கூட்டினால் ஸ்டால் வேகம் இறங்கும், குறைந்தபட்சத் திறன் குறையாது. கூடுதல் உராய்வால் சற்று ஏறவே செய்யும்.

## 14. விடை உதைத்தால் எங்கே தேடுவது?

தூக்கு–இழுவை விகிதம் நிலையான சக்கர விமானத்துக்கு 20 ஐத் தாண்டினால் முதலில் சமபரப்பைப் பாருங்கள். சில இடங்களில் கெழுவையே சமபரப்பு என்று போட்டிருப்பீர்கள். விகிதம் 5 க்குக் கீழே போனால் வீச்சுக்குப் பதில் ஒரு பக்க இறக்கையின் நீளத்தை எடுத்திருக்கலாம். வீச்சு என்பது நுனியிலிருந்து நுனி வரை.

சறுக்குச் சோதனையில் ஆஸ்வால்டு எண் 1 ஐத் தாண்டுகிறதா? மெதுவான புள்ளிகள் கெட்டிருக்கின்றன. மேலெழும் காற்று, எஞ்சினின் மிச்ச உந்துவிசை, அல்லது அதிகத் தாக்குகோணத்தில் கூட்டிக் காட்டும் வேகமானி, இந்த மூன்றில் ஒன்று. சமபரப்பு மட்டும் சந்தேகமாக இருந்தால் வேகமான முனையைப் பாருங்கள். அங்கே வேகத்தில் 2 விழுக்காடு பிழை சமபரப்பில் 6 விழுக்காடாக வந்து நிற்கும்.

ஸ்டாலுக்கு அருகே எடுத்த புள்ளிகள் கோட்டுக்கு மேலே எழும்பினால் அது பிழையில்லை. காற்றோட்டம் பிரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் புள்ளிகளை நேர்கோட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் தாளிலிருந்து அழிக்காதீர்கள். விமானத்தை எந்த வேகத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்பதை அவைதான் காட்டுகின்றன.